மாங் என்றால் மாங்காயா?

(சீனச் சொற்களைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர், பித்தானும் ஜிப்பும் வாங்கப் பதினான்கு வருஷம் குவாங்சோவுக்குப் போய் வந்த திருப்பூர்க்காரர்.)

என் மகன் கம்பெனி வேலைக்காகச் சீனம் படிக்கிறான். கண் தெரியாததற்கு ‘மாங்’ என்றும் ‘ஷியா’ என்றும் இரண்டு சொல் இருக்கிறதாம். எதை எங்கே சொல்வது என்று குழம்புகிறான். மாம்பழமும் ‘மாங்’ என்றுதான் தொடங்குகிறது என்கிறானே, நிஜமா?
— ஒரு வாசகி, பெருந்துறை

நிஜம்தான். மாம்பழம் சீனத்தில் மாங்-குவோ. ‘குவோ’ என்றால் பழம். முன்னால் வரும் ‘மாங்’ நம்ம ஊர் மாங்காயேதான். கப்பலேறி ஊர் ஊராகப் போன சொல் சீனத்தையும் விட்டுவைக்கவில்லை. ஓசைக்கு ஓர் எழுத்து வேண்டுமே என்று, நெற்கதிரின் கூர்முனையைக் குறிக்கும் ‘மாங்’ என்ற பழைய எழுத்தை மாம்பழத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கண் தெரியாததைச் சொல்லும் ‘மாங்’குக்கு எழுத்து வேறு, ஓசை மட்டும் அச்சு அசல் அதே. வேலை மும்முரத்துக்கும் ஒரு ‘மாங்’ உண்டு, அதற்கும் இதே ஓசை. மூன்றையுமே குரலை மேலே ஏற்றிச் சொல்ல வேண்டும், நாம் “ஆங்?” என்று திருப்பிக் கேட்போமே, அந்த ஏற்றம்.

மூன்று எழுத்திலும் ஒரே உறுப்பு ஒளிந்திருக்கிறது. ‘வாங்’ என்ற அந்த உறுப்புக்கு இழப்பு, அழிவு, ஓடிப்போவது என்று பொருள். அதைக் கண் என்ற எழுத்தின் தலையில் வைத்தால் பார்வையின்மை. புல்லுக்கு அடியில் வைத்தால் கதிர்முனை, அதாவது இன்றைய மாம்பழம். நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தால் மும்முரம். அதே நெஞ்சைக் கீழே போட்டு ‘வாங்’கை மேலே வைத்தால் மறதி. மும்முரத்துக்கும் மறதிக்கும் உறுப்புகள் ஒன்றே, அடுக்குதான் வேறு. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது துணிச்சந்தையில் லேஸ் கடை வைத்திருந்த அக்கா, பில் புத்தகத்தின் முதுகில் எழுதிக் காட்டி. “கண் போனால் மாங், நெஞ்சு போனால் மறதி” என்றார். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் முழுசாக நம்பிவிட வேண்டாம். கி.பி. 100 வாக்கில் ஷூ ஷென் தொகுத்த பழைய எழுத்தகராதி, அந்த மேல் உறுப்பு ஓசைக்காக வந்தது என்றுதான் சொல்கிறது. பொருளும் பொருந்திப் போனது அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘ஷியா’. கண்ணையும் கேடு என்ற எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுவது. கெட்டுப்போன கண். இது தெருப்பேச்சு. மாங் என்பது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், அரசாங்கப் பலகை, செய்தித்தாள். ஷியா என்பது சண்டை, கேலி, வயிற்றெரிச்சல். நிறக்குருடு ஸெ-மாங், மாலைக்கண் யே-மாங், பனி வெளிச்சத்தில் கண் கூசிப் போவது ஷுவே-மாங். இவற்றில் ஒன்றிலும் ஷியா வராது. “உன்னைக் கட்டிக்கிட்டேனே, என் கண்ணு அவிஞ்சு போச்சா” என்று ஒரு மனைவி கத்தினால் அங்கே மாங் வராது, ஷியாதான் வரும்.

ஷியாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உங்கள் மகன் தினம் காதில் வாங்கப் போவது அதைத்தான். வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து நின்றால் அது நம்முடைய ‘குருட்டாம்போக்கில்’. ஷியா-ஷுவோ என்றால் வாய்க்கு வந்தபடி உளறுவது. ஷியா-ட்ஸாய் என்றால் குத்துமதிப்பாக ஊகிப்பது. அப்புறம் ஷியா-மாங். முதல் வருஷம் லேஸ் கடை அக்காவிடம் “என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்கும்போதெல்லாம் “ஷியா-மாங், ஷியா-மாங்” என்பார். ஷியாவும் குருடு, மாங்கும் குருடு. இந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று ஒரு வாரம் பரிதாபப்பட்டேன். நல்லவேளை, வாய்விட்டு விசாரிக்கவில்லை. அந்த மாங் மும்முர மாங். “ஒண்ணுமில்லாத வேலையில ஓடிக்கிட்டிருக்கேன்” என்பதுதான் மொத்தப் பொருள். சீனத்தில் நலம் விசாரித்தால் பாதிப் பேர் சொல்லும் பதிலே இதுதான்.

இரண்டு சொல்லும் ஒரே வரியில் வருகிற பழைய கதை ஒன்று உண்டு. நாலாம் நூற்றாண்டின் கடைசியில் பிரபு ஹுவான் ஷுவான், மாகாண ஆளுநர் யின் ஜோங்கான், ஓவியர் கு காய்ஜி மூவரும் உட்கார்ந்து, ஆபத்திலும் ஆபத்தான காட்சியை ஒரு வரியில் சொல்வது யார் என்று போட்டி போட்டார்கள். ஈட்டி முனையில் அரிசி களைந்து வாள் முனையில் சோறு வடிப்பது என்றார் ஒருவர். நூறு வயசுக் கிழவர் பட்ட கிளையில் ஏறுவது என்றார் இன்னொருவர். கிணற்று ராட்டினத்தில் பச்சைக் குழந்தையைக் கிடத்துவது என்றது மூன்றாவது வரி. அப்போது யின்னிடம் வேலை பார்த்த ஒருவர் குறுக்கே புகுந்து, “குருடன் குருட்டுக் குதிரையேறி, நடுராத்திரியில் ஆழக் குளத்தின் கரைக்கு வருகிறான்” என்று போட்டார். மனிதனுக்கு மாங், குதிரைக்கு ஷியா. யின்னுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஏனென்றால் அவருக்கே ஒரு கண் தெரியாது. முதலாளியின் குறையை மறந்துவிட்டு வார்த்தையை விட்ட அந்த ஊழியருக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கதையில் இல்லை. அவர் மேல் எனக்கு ஒரு தனி அனுதாபம். காரணம் அடுத்த பதிலில்.

நாம் இப்போது ‘குருடர்’ என்று எழுதுவதில்லை, ‘பார்வை மாற்றுத்திறனாளி’ என்கிறோம். சீனர்களிடம் அப்படி மரியாதையான சொல் உண்டா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

உண்டு, பல உண்டு. சரியான ஒன்றை நான் அடி வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

சாம்பிள் மூட்டை தூக்கித் தூக்கி 2007-இல் இடுப்பு பிடித்துக்கொண்டது. சந்தைக்குப் பின்சந்தில் ஓர் உடம்புபிடிக்கும் கடை. வாசலில் ‘மாங்-ரென் ஆன்-மோ’ என்று பலகை. பார்வையற்றவர்கள் பிடித்துவிடுகிற கடை என்று அர்த்தம். சீனாவில் பார்வையற்றோர் பலருக்குச் சோறு போடும் தொழில் இது, இதற்கென்று முறையான படிப்பே உண்டு. கிடங்குப் பையன்கள் பேசிக் கேட்ட தைரியத்தில் நான் உள்ளே போய், கல்லாவில் இருந்த பெண்ணிடம் “ஷியா-ட்ஸ இருக்கிறாரா?” என்று கேட்டேன். ‘ட்ஸ’ ஒட்டினால் ஆளைக் குறிக்கும். அந்தப் பெண் கால்குலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: “இங்கே அந்தப் பெயரில் யாரும் இல்லை. ஏழாம் நம்பர் ஷிஃபு இருக்கிறார், வேண்டுமா?”

ஷிஃபு என்றால் வாத்தியார், மேஸ்திரி, தொழில் தெரிந்த பெரியவர், எல்லாம். டாக்சி ஓட்டுபவரும் ஷிஃபு, குழாய் ரிப்பேர்க்காரரும் ஷிஃபு. அன்று முக்கால் மணி நேரம் குப்புறப் படுத்தபடியே பாடம் கேட்டேன். தங்களுக்குள் அவர்கள் மாங்-ரென் என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்வார்களாம். கண் தெரிகிற நம்மை மிங்-யென்-ரென், ‘வெளிச்சக் கண்காரர்’ என்பார்களாம். அதே சொல்லுக்கு ஊர்ப் பேச்சில் ‘விவரம் தெரிந்தவர்’ என்றும் பொருள். “நீ வெளிச்சக் கண்காரனா என்பதில் எனக்குச் சந்தேகம்” என்று சொல்லி என் விலாவில் ஓர் அழுத்து அழுத்தினார் பாருங்கள்!

சரி, சொற்களுக்கு வருகிறேன். மாங்-ரென் இன்றும் மரியாதைக் குறைவு இல்லாத பொதுச் சொல். இன்னும் மெதுவாகச் சொல்ல ஷி-ஜாங், ‘பார்வைத் தடை’. ஒருவருக்குப் பார்வை போனதைச் சொல்ல ஷி-மிங், ‘வெளிச்சம் இழத்தல்’. எனக்குப் பிடித்தது கடைசிச் சொல். வயதானவர்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசும்போது அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் ஆளை நேரில் கூப்பிட இதில் எதுவுமே வேண்டாம், ஷிஃபு போதும். இதற்கு ரொம்பப் பழைய முன்மாதிரி இருக்கிறது. கன்பூசியஸின் உரைகளைத் தொகுத்த நூலில், மியன் என்ற பார்வையற்ற இசைவாணர் அவரைப் பார்க்க வருகிறார். படி வந்ததும் “இது படி” என்கிறார் கன்பூசியஸ். பாய் வந்ததும் “இது பாய்” என்கிறார். எல்லாரும் உட்கார்ந்ததும் “இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் அங்கே இருக்கிறார்” என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். அவர் போனபின் சீடர் கேட்கிறார்: “இசைவாணரோடு இப்படித்தான் பேச வேண்டுமா?” ஆமாம், அவருக்குத் துணை செய்யும் முறை இதுதான் என்று பதில். அந்தப் பகுதியில் மாங்கும் இல்லை, ஷியாவும் இல்லை. மியனுக்கு முன்னால் வரும் பட்டம் ‘ஷி’. என் ஏழாம் நம்பர் ஷிஃபுவின் ‘ஷி’யும் அதே எழுத்துத்தான்.

பார்வையற்ற இசைக்கலைஞர்களுக்கென்றே சீனத்தில் தனி எழுத்து உண்டு என்று கேள்விப்பட்டேன்.
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

‘கூ’ என்று சொல்வார்கள். மேலே முரசு, கீழே கண். ஜோ மன்னர்களின் அரசவையில் வாசித்தவர்கள் பார்வையற்றவர்கள். சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பில் ஒரு பாட்டு “கூ இருக்கிறார், கூ இருக்கிறார், ஜோவின் முற்றத்திலே” என்றே தொடங்குகிறது. அந்தக் காலத்தில் இதில் உட்பிரிவுகள்கூட வைத்திருந்தார்கள். விழி இருந்தும் தெரியாவிட்டால் ஒரு சொல், விழியே இல்லாவிட்டால் வேறொரு சொல். இன்று அவை அகராதியோடு சரி.

இந்த நூற்றாண்டு ஆட்களுக்கு இசைவாணர் என்றால் ஆபிங்தான். வூஷி ஊர்க்காரர், 1893-இல் பிறந்தவர், இயற்பெயர் ஹுவா யான்ஜுன். நடுவயதில் பார்வை போய்த் தெருவில் எர்ஹு என்ற இரண்டு தந்தி வில் வாத்தியம் வாசித்துப் பிழைத்தார். 1950 கோடையில் யாங் யின்லியூ என்ற இசை ஆய்வாளர் கம்பியில் பதியும் கருவியைக் கொண்டுபோய் அவருடைய ஆறு உருப்படிகளைப் பதிந்தார், எர்ஹுவில் மூன்று, பிபா என்ற நான்கு தந்தி மீட்டு வாத்தியத்தில் மூன்று. அந்த டிசம்பரிலேயே ஆபிங் போய்விட்டார். இரண்டாம் ஊற்றில் நிலவு தெரிவதைப் பெயரில் கொண்ட அந்த எர்ஹு உருப்படியைக் கேட்காத சீனர் இல்லை. ஊர் அவரைக் கூப்பிட்டது ‘ஷியாட்ஸ ஆபிங்’ என்று. நான் திட்டு வாங்கிய அதே ஷியாட்ஸ! இன்றும் டாக்சியில் அந்த இசை ஓடும்போது அப்படித்தான் சொல்கிறார்கள், பாசமாக. வெளியூர்க்காரர் அதைப் பார்த்துக் காப்பி அடிக்க வேண்டாம்.

படிப்பில்லாதவரையும் சீனத்தில் குருடர் என்றுதான் சொல்வார்களாமே? முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவன், மனசு ஒப்பவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டிவனம்

ஐயா, கல்லாதவர் முகத்தில் இருப்பது இரண்டு புண் என்று நம் வள்ளுவரே சொல்லிவிட்டார். சீனர்கள் புண் வரைக்கும் போகவில்லை.

சொல் வென்-மாங், ‘எழுத்துக் குருடு’. 1949-இல் மக்கள் குடியரசு வந்தபோது நூற்றுக்கு எண்பது பேர் இந்தக் கணக்கில் இருந்ததாகச் சொல்வார்கள். அறிவொளி இயக்கம் மாதிரி அங்கே நடந்ததன் பெயர் ஸாவ்-மாங். ஸாவ் என்றால் விளக்குமாற்றால் கூட்டுவது. குருட்டைக் கூட்டித் தள்ளுவது. 1956-இல் எழுத்துகளின் கோடுகளைக் குறைத்ததும், 1958-இல் ரோமன் எழுத்தில் உச்சரிப்பு எழுதும் பின்யின் வந்ததும் இந்தக் கூட்டலோடு சேர்ந்தவைதான். அந்த அச்சில் பிறகு நிறைய வார்த்தார்கள். சட்டம் தெரியாதவர் ஃபா-மாங், முகம் ஞாபகம் வைக்க முடியாதவர் லியென்-மாங். வியாபாரிகளில் நான் பெரிய லியென்-மாங். ஒரே ஆளிடம் இரண்டு தரம் விசிட்டிங் கார்டு கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மனசு ஒப்பாமல் இருக்க வேண்டியது இன்னொரு சொல்லுக்கு. மாங்-லியூ, ‘குருட்டு ஓட்டம்’. 1950-களில் கிராமத்திலிருந்து அனுமதியில்லாமல் நகரத்துக்கு வேலை தேடி வந்தவர்களுக்கு வைத்த பெயர். ஓட்டத்தைச் சொன்ன சொல், போகப் போக ஆளுக்கே ஒட்டிக்கொண்டு வசவாகிவிட்டது. இப்போது நல்ல வேளையாக அதிகம் கேட்பதில்லை. பஸ் பிடித்து, விலாசத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாதா என்ன? திருப்பூர்க்காரனுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஹொக்கியன் என்ற தென்சீன வட்டார மொழி பேசுபவர்கள் எழுத்துக் குருட்டை வேறு மாதிரி சொல்வார்கள். அவர்களுக்குப் பார்வையின்மை ‘சி-மே’, பச்சைக் குருடு; வெளியே பார்க்கக் கண் நன்றாக இருக்கும், உள்ளே தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவரை ‘சி-மே-கூ’ என்பார்கள். கூ அங்கே மாடு. பினாங்கில் சொந்தக்காரர் இருந்தால் பக்கத்து வீட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

இத்தனை ஆயிரம் எழுத்து உள்ள மொழியில் பார்வையற்றவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? பிரெயிலின் ஆறு புள்ளி எப்படிப் போதும்?
— ஒரு கல்லூரி மாணவி, மதுரை

எழுத்தை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டார்கள். முதலில் முயன்றவர்களில் ஒருவர் வில்லியம் ஹில் மரே என்ற ஸ்காட்லாந்துக்காரர். மர ஆலையில் ஒரு கையை இழந்தவர், பெய்ஜிங்கில் பைபிள் விற்றுக்கொண்டிருந்தார். 1870-களில் அங்கத்திய பேச்சின் அசைகளை எண்ணி 408 என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, அந்த எண்ணைப் புள்ளியில் எழுத வைத்தார். எண்ணை மனப்பாடம் செய்தால்தான் படிக்க முடியும்.

இன்றைக்கு நடப்பது ஹுவாங் நாய் 1952-இல் வகுத்த முறை. மன்னராட்சியைக் கவிழ்த்த புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ஹுவாங் ஷிங்கின் மகன் இவர். அப்பா 1916-இல் இறந்தார், மகன் 1917-இல் பிறந்தார். வளர்ந்த பிறகு பார்வை போய், தானே தொட்டுப் படிக்கக் கற்று, தனக்குத் தோதான முறையைத் தானே அமைத்தவர். அசையின் தலைக்கு ஒரு கட்டம், வாலுக்கு ஒரு கட்டம். ‘மாங்’ என்றால் ம-வுக்கு ஒன்று, ஆங்-குக்கு ஒன்று, முடிந்தது. குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்ட மூன்றாவது கட்டம் உண்டு. அண்மைக்காலம் வரை பெரும்பாலும் அதை எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் கேள்வியில் அத்தனை பாடுபட்டுக் கண், புல், நெஞ்சு என்று பிரித்தோமே, அது விரல் நுனிக்குக் கிடையாது. பார்வையின்மை, மும்முரம், மாம்பழத்தின் முதல் பாதி, மூன்றும் தடவினால் ஒன்றுதான். தொனியை எழுதாவிட்டால் மலைப்பாம்பும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடும், அதுவும் ஒரு மாங். பக்கத்துச் சொல்லை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 2018 ஜூலை 1 முதல் தொனியை ஒழுங்காகக் குறிக்கும் பொதுத் திட்டம் வந்திருக்கிறது, பாம்புக்கு விடுதலை. “பார்வையின்மை ‘மாங்’ எழுத்துக்குள் கண் என்ற எழுத்து இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று ஏழாம் நம்பர் ஷிஃபுவிடம் ஒரு தரம் கேட்டேன். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவர். “சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுதிக் காட்டு” என்று முதுகுக்கு மேலிருந்து உள்ளங்கையை நீட்டினார். எட்டே கோடு. மேலே மூன்று, கீழே ஐந்து. இரண்டாம் முறை எழுதச் சொல்லிவிட்டு, “கண் ரொம்பச் சதுரமாக இருக்கிறதே” என்றார்.

‘குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது போல’ என்ற நம் பழமொழி அங்கே உண்டா?
— ஒரு வாசகி, சிவகாசி

பூனை உண்டு, விட்டம் இல்லை. ‘ஷியா பூனை செத்த எலிமேல் இடித்துக்கொண்டது.’ நம் பூனை விழும், அவர்கள் பூனைக்குச் சாப்பாடு கிடைக்கும். குருட்டு அதிர்ஷ்டத்தைச் சொல்வது. நல்ல விலைக்கு ஆர்டர் பிடித்த அன்று, தன்னடக்கமாக நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவரைப் பார்த்துச் சொன்னால் ஆர்டர் போய்விடும். குவாங்சோ வட்டார மொழி பேசும் கான்டனீயர்களிடம் கோழியும் உண்டு. எதிரே இருப்பதைக் காணாதவனைப் பார்த்து “கோழிக் குருடு வந்திருச்சா?” என்பார்கள், பொழுது சாய்ந்தால் கோழிக்குக் கண் தெரியாது என்று. நம் “கண்ணு பொடனியிலயா இருக்கு?” அளவுக்குக் காரம்.

அடுத்த மாதம் குவாங்சோ போகிறேன். ‘குருட்டுத் தாத்தா பிஸ்கட்’ என்று ஒன்று விற்கிறதாமே, வாங்கி வரலாமா? நாங்கள் சைவம்.
— ஒரு வாசகர், கரூர்

பக்கத்து ஊரான ஃபோஷானின் பலகாரம் அது. கான்டனீயத்தில் மாங்-குங்-பெங். குறி சொல்லிப் பிழைத்த ஒரு பார்வையற்ற பெரியவரின் வீட்டில் தொடங்கியது என்பார்கள். அரிசி மாவு, வேர்க்கடலை, எள், சர்க்கரை. வாயில் போட்டால் பொரிவிளங்காய் மாதிரி பொலபொலவென்று உதிரும். ஆனால் பழைய முறைப்படி செய்தால் நடுவில் சர்க்கரையில் ஊறப்போட்ட பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு இருக்கும். பெட்டியைத் திருப்பிச் சேர்மானத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நான் முதல் தடவை கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் ருசித்துச் சாப்பிட்டார்கள், இன்று வரைக்கும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.